ஐந்தில் முடியும் எண்: அல்பிரூனியிடம் நான் கற்ற பாடம்

சென்ற வருடம் எங்கள் பாடசாலை மீலாத் விழாவில் முஸ்லிம் விஞ்ஞானிகளைப் பற்றிப் பேசும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. நான் கணித ஆசிரியர் என்பதால் பேச்சுக்கு ஓர் எண்ணைத் தெரிவு செய்தேன். சதுரங்கப் பலகையில் 64 கட்டங்கள் இருக்கின்றன. முதல் கட்டத்தில் ஒரு கோதுமை மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு, நான்காவதில் எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போனால் எல்லாக் கட்டங்களிலும் சேர்த்து எத்தனை மணிகள் இருக்கும்? இந்த விடையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அபூ ரைஹான் அல்பிரூனி கணித்து எழுதி வைத்தார் என்று மேடையில் பெருமையோடு சொன்னேன். இருபது இலக்கங்கள் கொண்ட அந்த விடையைப் பெரிய அட்டையொன்றில் எழுதித் தொங்கவும் விட்டிருந்தேன். சபையில் நல்ல வரவேற்பு.

மறுநாள் காலை தரம் 9 மாணவி ஒருத்தி சீ.ஆர். கொப்பியுடன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். அட்டையில் கடைசி இலக்கம் 9 என்று இருந்ததே, அது சரியா சேர் என்று மிகவும் தயக்கத்தோடு கேட்டாள். இரண்டை இரட்டித்துக்கொண்டு போனால் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்ற ஒழுங்கில்தான் திரும்பத் திரும்ப வருகிறது. 64 என்பது நான்கால் வகுபடும். ஆகவே அறுபத்து நான்கு இரண்டுகளைப் பெருக்கினால் விடை 6 இல்தான் முடியும். மொத்தம் அதைவிட ஒன்று குறைவு என்று நானே மேடையில் சொல்லியிருந்தேன். அப்படியானால் விடை 5 இல் அல்லவா முடிய வேண்டும்?

அவள் சொன்னது சரி. சரியான எண் 18,446,744,073,709,551,615. நான் எழுதியிருந்தது 619 என்று முடிந்தது. எங்கோ பார்த்ததை அப்படியே பிரதி செய்திருந்தேன். ஆசிரியர் கலாசாலையில் கணித நெறி முடித்து வெளியேறி எத்தனையோ வருடங்களாகச் சுட்டிகள் கற்பிக்கிறவன், அந்த எண்ணை ஒரு தடவைகூடக் கையால் செய்து பார்க்கவில்லை. அல்பிரூனியின் பெயரைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிய எனக்கு, அவர் செய்த கணக்கைச் செய்து பார்க்கத் தோன்றவில்லை.

இந்த வெட்கம்தான் தவணை விடுமுறையில் அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படிக்க வைத்தது. படித்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

அல்பிரூனி 973 செப்டெம்பரில் குவாரிஸ்ம் நாட்டின் தலைநகரான காத் நகரின் புறப்பகுதியில் பிறந்தார். இன்று அந்தப் பிரதேசம் உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. பிரூன் என்ற பாரசீகச் சொல்லுக்கு வெளியே என்பது பொருள். நகருக்கு வெளியே பிறந்தவர் என்பதே அவருடைய பெயராகிவிட்டது. அவருக்குக் கணிதமும் வானியலும் கற்பித்தவர் அபூ நஸ்ர் மன்சூர் இப்னு இராக். அரச குடும்பத்தைச் சேர்ந்த அந்த ஆசிரியரே அக்காலத்தின் முன்னணிக் கணித அறிஞர்களில் ஒருவர்.

பதினேழு வயதில் சூரியனின் உச்ச உயரத்தை அளந்து காத் நகரின் அகலக்கோட்டைக் கணித்தார் அல்பிரூனி. நம் பிள்ளைகள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையை முடித்துவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் வயது அது. சில வருடங்களில் 15 முழம் விட்டமுள்ள பெரிய வட்டக் கருவி ஒன்றை அமைத்து அளவீடுகளைத் தொடங்கினார். ஆனால் 995 இல் நாட்டில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. அவருடைய ஆசிரியரின் குடும்பம் ஆட்சியை இழந்தது. இளைஞரான அல்பிரூனி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று.

இடம்பெயர்வு என்றால் என்னவென்று நம் சமூகத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அவர் ரை நகருக்குப் போனார். கையில் பணமில்லை. அங்கே பேர்பெற்ற சோதிடர் ஒருவர், இவர் ஏழை என்பதற்காகவே இவருடைய கருத்தை ஏளனம் செய்தார். கணிப்பில் யார் சரி என்பது அங்கே பார்க்கப்படவில்லை, யாரிடம் வசதி இருக்கிறது என்பதே பார்க்கப்பட்டது. பிற்காலத்தில் இவருடைய நிலை உயர்ந்ததும் அதே மனிதர் நட்போடு பழக வந்ததை அல்பிரூனி தமது நூலில் பதிவு செய்திருக்கிறார். வகுப்பறையின் கடைசி வாங்கில் பழைய சப்பாத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை கையை உயர்த்தும்போது, நாம் விடையைக் கேட்கிறோமா, சப்பாத்தைப் பார்க்கிறோமா என்று இதைப் படித்த பிறகு என்னையே கேட்டுக்கொண்டேன்.

997 மே மாதத்தில் சந்திர கிரகணம் ஒன்று நிகழ்ந்தது. அப்போது அவர் காத் நகரில் இருந்தார். பக்தாத்தில் இருந்த கணித மேதை அபுல் வஃபாவுடன் முன்கூட்டியே பேசி வைத்து, இருவரும் தத்தமது இடத்திலிருந்து அதே கிரகணத்தை அவதானித்தார்கள். நேர வித்தியாசத்தைக் கொண்டு இரு நகரங்களுக்குமிடையிலான நெடுங்கோட்டு வித்தியாசம் கணிக்கப்பட்டது. தொலைபேசியோ தந்தியோ இல்லாத காலத்தில், சந்திரனையே இருவருக்கும் பொதுவான கடிகாரமாக்கிக்கொண்டார்கள்.

1000 ஆம் ஆண்டளவில் காஸ்பியன் கடலோரத்தை ஆண்ட காபூஸ் மன்னரின் சபையில் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கேதான் அல் ஆதாருல் பாகியா என்ற பெரும் நூலை எழுதினார். அப்போது அவருக்கு வயது 27 அளவில் இருக்கும். பாரசீகர், சொக்தியர், யூதர், கிறிஸ்தவர், அறியாமைக் கால அரபிகள், முஸ்லிம்கள் என்று பல சமூகங்களின் நாட்காட்டிகளையும் பெருநாட்களையும் ஒப்பிட்டு ஆராயும் நூல் அது. நம்முடைய எண் வருவது இந்த நூலில்தான்.

சதுரங்கக் கதை பலருக்கும் தெரிந்தது. விளையாட்டைக் கண்டுபிடித்த இந்திய ஞானி ஒருவரிடம் வேண்டியதைக் கேள் என்கிறான் மன்னன். ஞானி கோதுமை மணிகளை இரட்டித்துக் கேட்கிறார். இவ்வளவுதானா என்று மன்னன் சிரிக்கிறான். பிறகு களஞ்சியம் போதவில்லை. இந்தக் கதையை அல்பிரூனிக்கு முன்பும் பின்பும் பலர் சொல்லியிருக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான்கூட முதலில் இதை நம்பவில்லை. அலெக்சாந்திரியாவின் கணக்காளர் ஒருவர் எழுதிக் காட்டிய பிறகே ஏற்றுக்கொண்டதாக அவரே குறிப்பிடுகிறார். நம்பாமல் இருந்து, கணக்கைப் பார்த்த பின் நம்பினார். நான் அதற்கு நேர்மாறாகச் செய்தவன்.

அல்பிரூனியின் சிறப்பு அவர் அந்த விடையை அடைந்த வழியில் இருக்கிறது. அவர் 64 தடவை இரட்டிக்கவில்லை, 64 எண்களைக் கூட்டவுமில்லை. இரண்டு விதிகளைக் கண்டுகொண்டார்.

முதலாவது விதி: எந்தக் கட்டத்துக்கும் முன்னுள்ள எல்லாக் கட்டங்களின் கூட்டுத்தொகை, அந்தக் கட்டத்தின் எண்ணைவிட ஒன்று குறைவு. ஆறாவது கட்டத்தில் 32 மணிகள். அதற்கு முன்னுள்ள 1, 2, 4, 8, 16 ஆகியவற்றைக் கூட்டினால் 31. ஆகவே 64 கட்டங்களின் மொத்தம் வேண்டுமானால், பலகையில் இல்லாத 65 ஆவது கட்டத்தின் எண்ணைக் கண்டு ஒன்றைக் கழித்தால் போதும்.

இரண்டாவது விதி: ஒரு கட்டத்தின் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால், முதல் கட்டத்திலிருந்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் அதற்கு அப்பால் உள்ள கட்டத்தின் எண் கிடைக்கும். ஐந்தாவது கட்டத்தில் 16. அதன் வர்க்கம் 256. அது ஒன்பதாவது கட்டம். 256 இன் வர்க்கம் 65,536. அது 17 ஆவது கட்டம். அதன் வர்க்கம் 4,294,967,296. அது 33 ஆவது கட்டம். அதையும் வர்க்கித்தால் 65 ஆவது கட்டம் வந்துவிடுகிறது: 18,446,744,073,709,551,616. ஒன்றைக் கழித்தால் விடை.

நான்கு பெருக்கல்கள், ஒரு கழித்தல். அவ்வளவுதான். ஆறில் முடியும் எண்ணை வர்க்கித்தால் விடையும் ஆறில்தான் முடியும். 16 இலிருந்து கடைசிவரை ஒவ்வொரு படியும் ஆறில்தான் முடிகிறது. இந்தப் படிகளில் ஒன்றையாவது நான் கையால் செய்திருந்தால் 9 என்ற இலக்கம் என் கண்ணில் தைத்திருக்கும்.

இவ்வளவு பெரிய எண்ணை வாசகன் மனதில் எப்படிப் பதிய வைப்பது என்பதையும் அவர் யோசித்தார். பத்தாயிரம் நாணயம் கொண்ட பைகளாக்கி, பைகளைக் கோவேறு கழுதைகளில் ஏற்றி, கழுதைகளை மந்தைகளாக்கி, மந்தைகளைப் பள்ளத்தாக்குகளிலும் மலைகளிலும் பங்கிட்டுக்கொண்டே போனார். கடைசியில் 2,305 மலைகள் தேவைப்பட்டன. நம் காலத்துக்கு ஏற்ப நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் கோதுமை மணிகள் ஏறக்குறைய 40 கிராம் நிறை என்று கொண்டால், மொத்தம் 73,000 கோடி தொன்னைத் தாண்டும். இன்று முழு உலகமும் ஒரு வருடத்தில் விளைவிக்கும் கோதுமை ஏறக்குறைய 80 கோடி தொன். அப்படியானால் மன்னன் தன் வாக்கைக் காப்பாற்ற, இன்றைய உலகின் 900 வருடத்துக்கு மேற்பட்ட விளைச்சல் முழுவதையும் கொடுக்க வேண்டியிருக்கும்.

இந்த எண்ணில் இன்னுமோர் அதிசயம் உண்டு. இரு வர்க்கங்களின் வித்தியாசத்தைக் காரணிப்படுத்தத் தெரிந்த தரம் 9 பிள்ளைக்கும் இது விளங்கும். அல்பிரூனி ஏறிய அதே படிகளில் ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டுங்கள். 16 உடன் ஒன்று 17. 256 உடன் ஒன்று 257. 65,536 உடன் ஒன்று 65,537. இந்த மூன்றும் முதன்மை எண்கள். மூன்றும் நமது எண்ணின் காரணிகள். 16 இலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் 15 தரும் 3, 5 ஆகியனவும் காரணிகள். எஞ்சியது 4,294,967,297. இந்த வரிசையில் வரும் எண்கள் எல்லாமே முதன்மை எண்கள் என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸின் பெரும் கணித அறிஞர் பெர்மா நம்பினார். 1732 இல் ஒயிலர் அந்த எண்ணை 641 ஆல் வகுத்துக் காட்டினார். ஈவு 6,700,417. பெர்மாவைப் போன்ற மேதையின் நம்பிக்கையும் ஒரு வகுத்தலில் முடிந்துபோனது. கணிதத்தில் பெயருக்கு மரியாதை உண்டு, ஆனால் விடையைத் தீர்மானிப்பது பெயரல்ல.

இன்றைய கணினிகளும் கைத்தொலைபேசிகளும் பெரும்பாலும் 64 பிட் முறையில் இயங்குகின்றன. 64 பிட்களில் எழுதக்கூடிய மிகப் பெரிய நிறைவெண்ணும் இதே எண்தான். சதுரங்கப் பலகையின் 64 கட்டங்கள் நம் சட்டைப்பையில் இருக்கின்றன.

மீண்டும் அவருடைய வாழ்க்கைக்கு வருவோம். அவர் குவாரிஸ்முக்குத் திரும்பி அரச சபையில் இருந்தபோது, 1017 இல் கஸ்னியின் சுல்தான் மஹ்மூத் அந்த நாட்டைக் கைப்பற்றினார். அறிஞர்கள் பலரோடு அல்பிரூனியும் கஸ்னிக்குக் கொண்டு செல்லப்பட்டார். விருந்தாளியா, கைதியா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை அது. அடுத்த வருடம் காபூலுக்கு அருகே ஒரு கிராமத்தில் இருந்தபோது அவரிடம் கருவி எதுவும் இல்லை. அதற்காக அவர் சும்மா இருக்கவில்லை. கணக்குப் போடும் பலகையின் பின்புறத்தில் பாகைகள் குறித்த வில் ஒன்றை வரைந்து, நூல்குண்டைத் தொங்கவிட்டு அளவெடுத்தார். ஆய்வுகூடம் இல்லை, ஸ்மார்ட் போர்ட் இல்லை என்று நாம் சொல்லும் காரணங்களை அந்தப் பலகைக்கு முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும்.

பின்னர் இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள நந்தனா கோட்டைக்கு அருகே மலையொன்றின் உயரத்தை அளந்தார். அதன் உச்சியிலிருந்து அடிவானம் எவ்வளவு கீழே தெரிகிறது என்று பார்த்தார். அது அரைப் பாகையைச் சற்றே கடந்த மிகச் சிறிய கோணம். அந்தக் கோணத்தையும் மலையின் உயரத்தையும் கொண்டு பூமியின் ஆரையைக் கணித்தார். அவருக்கு முன் கலீபா மஃமூனின் காலத்து அறிஞர்கள் இதற்காகப் பாலைவனத்தில் நெடுந்தூரம் அளந்து செல்ல வேண்டியிருந்தது.

சமஸ்கிருதம் கற்று, இந்தியர்களின் அறிவையும் வழக்கங்களையும் பற்றி 1030 இல் ஒரு பெரும் நூல் எழுதினார். இந்திய வானியலாளர்கள் பூமியின் நடுக்கோட்டில் லங்கா என்ற இடத்தை வைத்துக் கணிப்பதை அதில் ஆராய்கிறார். சரந்தீப் கடலில் முன்பு நடந்த முத்துக்குளிப்பு தம் காலத்தில் கைவிடப்பட்டிருந்ததையும் குறிப்பிடுகிறார். சரந்தீப் என்பது நமது நாடுதான். இந்தியர்கள் எண்களின் இடங்களுக்கு 18 வரை தனித்தனிப் பெயர் வைத்திருந்ததையும் அதே நூலில் பதிவு செய்கிறார். சதுரங்க எண்ணுக்கு 20 இடங்கள். அந்தப் பெயர்களும் அதற்குப் போதவில்லை.

மார்க்கக் கடமைகளுக்கும் அவர் கணக்கைப் பயன்படுத்தினார். கஸ்னியின் கிப்லாத் திசையைத் துல்லியமாகக் காண நகரங்களின் அமைவிடங்கள் பற்றித் தனி நூலே எழுதினார். தொழுகை நேரங்களைக் காணும் கருவியொன்றில் ரோமர்களின் மாதங்கள் பொறிக்கப்பட்டிருந்ததால், அதைப் பள்ளிவாசலில் பயன்படுத்த ஒருவர் மறுத்த சம்பவத்தையும் எழுதியிருக்கிறார். ரோமர்களும் உணவு உண்கிறார்கள், கடைத்தெருவில் நடக்கிறார்கள், அவற்றையும் விட்டுவிடப் போகிறீரா என்பதே அவருடைய பதிலின் கருத்து. அறிவுக்கு அவர் எல்லைக்கோடு போடவில்லை.

மஹ்மூதின் மகன் மஸ்ஊத் ஆட்சிக்கு வந்ததும் அவருக்குக் கண்ணியம் கிடைத்தது. கானூனுல் மஸ்ஊதி என்ற வானியல் பெருநூலை அந்தச் சுல்தானுக்கு அர்ப்பணித்தார். சுல்தான் ஒரு யானை சுமக்கும் வெள்ளியைப் பரிசாக அனுப்பியதாகவும், தமக்கு அது தேவையில்லை என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் வரலாற்றாசிரியர் யாகூத் பதிவு செய்கிறார். கதையில் வரும் ஞானி உலகம் கொள்ளாத கூலியைக் கேட்டார். அந்தக் கூலியைக் கடைசி மணிவரை கணக்கிட்ட மனிதரோ, வாசலுக்கு வந்த வெள்ளியை வேண்டாமென்றார்.

1048 அளவில் கஸ்னியில் அவர் மரணமானார். அந்தக் கடைசி நேரத்தைப் பற்றியும் யாகூத் ஒரு செய்தி தருகிறார். பார்க்க வந்த மார்க்கச் சட்ட அறிஞர் ஒருவரிடம், மூச்சு வாங்கும் நிலையிலும் வாரிசுரிமைச் சட்டத்தில் தாய்வழிப் பாட்டிமாரின் பங்கு பற்றிய ஒரு கணக்கைக் கேட்டார். இந்த நிலையிலா என்று அவர் இரக்கப்பட்டபோது, அதை அறியாமல் உலகைவிட்டுப் போவதைவிட அறிந்துகொண்டு போவது நல்லதல்லவா என்ற கருத்தில் பதில் சொன்னார். அறிஞர் விளக்கினார், அவர் மனனம் செய்துகொண்டார். வந்தவர் விடைபெற்றுத் தெருவில் நடக்கும்போதே வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய முதல் வாரத்தில் அந்த அட்டையைத் தரம் 9 வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். நான் விட்ட பிழையையும், அதைக் கண்டுபிடித்தவர் யார் என்பதையும் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். பிறகு கல்குலேட்டர் இல்லாமல் அல்பிரூனியின் நான்கு பெருக்கல்களையும் செய்யச் சொன்னேன். மூன்றாவது பெருக்கல் வரை அநேகமாக எல்லோரும் வந்துவிட்டார்கள். நான்காவதில் பத்து இலக்க எண்ணைப் பத்து இலக்க எண்ணால் பெருக்க வேண்டும். ஒரு கொப்பிப் பக்கம் போதவில்லை. விடைகள் வெவ்வேறாக வந்தன.

அப்போது அக்கால அரபுக் கணக்காளர்களும் பயன்படுத்திய ஒரு சோதனையைச் சொல்லிக் கொடுத்தேன். எண்ணின் இலக்கங்களை ஓரிலக்கம் வரும்வரை கூட்ட வேண்டும். 4,294,967,296 இன் இலக்கங்களைக் கூட்டினால் 58, பிறகு 13, பிறகு 4. நான்கின் வர்க்கம் 16, அதைக் கூட்டினால் 7. ஆகவே விடையின் இலக்கங்களும் கடைசியில் ஏழாக வேண்டும். ஏழு வராதவர்கள் யாரும் சொல்லாமலேயே கொப்பியைத் திருப்பித் தங்கள் பிழையைத் தேடத் தொடங்கினார்கள். நான் இத்தனை வருடத்தில் பார்த்த மிக அமைதியான வகுப்பு அது.

நமது மேடைகளிலும் கட்டுரைகளிலும் முன்னோர்களின் பெயர்கள் நிறையவே ஒலிக்கின்றன. அவர்களை நினைவுகூர்வது நல்லதுதான். ஆனால் அவர்கள் செய்த கணக்கில் ஒன்றைக்கூடச் செய்து பார்க்காத பிள்ளைக்கு அந்தப் பெயர்கள் வெறும் பொதுஅறிவு வினாவிடை. அல்பிரூனியைக் கொண்டாட விரும்பும் பெற்றோரிடமும் சக ஆசிரியர்களிடமும் ஒன்றைத்தான் கேட்கிறேன். அவரைப் பற்றிய பேச்சைப் பிள்ளைகளுக்கு மனனம் செய்யக் கொடுப்பதற்கு முன், ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து 16 ஐ 16 ஆல் பெருக்கச் சொல்லுங்கள். அடுத்த மூன்று படிகளை அவர்களே ஏறுவார்கள். நம் பிழையை அவர்கள் சுட்டிக்காட்டினால் கோபப்படாமல் நன்றி சொல்லுங்கள்.

அட்டையில் இருந்த 9 ஐ அந்த மாணவியையே அழைத்துத் திருத்தச் சொன்னேன். இப்போது அது வகுப்பறைச் சுவரில் தொங்குகிறது. 615 என்ற இறுதி மூன்று இலக்கங்களில் 5 மட்டும் அவளுடைய கையெழுத்து.